அவர்கள் பாஷையில் ஐயா என்றால் அண்ணா

இலங்கைச் சண்டைக் காலத்தில் மற்றப் பக்கத்து மனிதர் ஒருவரோடு ஏற்பட்ட பழக்கத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். வாசித்துக்கொண்டு வந்தபோது எனக்கும் எழுதவேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வெளியே நான் இதை யாருக்கும் சொன்னதில்லை. அவருடைய பெயரை எழுதமாட்டேன். உயிரோடு இருந்தால் அவருக்கு இது தொல்லையாகப் போகக்கூடாது.

எங்கள் ஊர் கிளிநொச்சி. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து சற்று உள்ளே வீடு. 1996இல் ஷெல்லடிக்குள் வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் இருந்துவிட்டு, 1997 தொடக்கத்தில் தாண்டிக்குளம் தாண்டி வவுனியாவுக்கு வந்தோம். அக்காவை ஷெல் கொண்டுபோய் நாலு மாதம். எனக்குப் பதினாலு வயது. நலன்புரி நிலையம் என்கிற அகதி முகாம் ஒன்றில், சாக்கால் மறைத்த ஒரு துண்டு இடம் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த வருசம் மே 13ஆம் திகதி, கண்டி வீதியைப் பிடிப்பதற்காக ஜெயசிக்குறு என்ற ஆமி நடவடிக்கை தொடங்கியது. வவுனியா சின்ன நகரம். மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிசத்துக்குள் ஒரு சென்றி, ஆமிக் காவலரண், வரும். ஒருநாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று சனத்தின் கையில் எப்போதும் ஒரு அனுமதித் துண்டு இருக்கும். இரவில் ஆட்டிலறி வடக்கே போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா சாமிப்படத்தைப் பார்ப்பார். அது விழப்போகிற இடத்தில் பெரியம்மா குடும்பம் இருந்தது.

முகாமுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடையில் பின்னேரங்களில் வேலைக்கு நின்றேன். அங்கேதான் அவரைக் கண்டேன். முகாம் வாசலில் காவல் நிற்கிற ஆமிக்காரர், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும். பின் சில்லு காற்றுப் போய்விட்டது என்று உருட்டிக்கொண்டு வந்தார். முதலாளி இல்லை. எனக்குக் கை நடுங்கி டியூப்பைக் கழற்ற முடியவில்லை. அவர் துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குந்தி இருந்து, தானே டியூப்பைக் கழற்றி, காற்றடித்துத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினார். குமிழி வந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மல்லி, சொலூசன்" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவ்வளவுதான் அன்றைக்கு.

அடுத்தடுத்த கிழமைகளில் கதை வளர்ந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் ஐம்பது சொல், எனக்குத் தெரிந்த சிங்களம் அதிலும் குறைவு. அவருடைய ஊர் பதவியா. குளத்துக்குக் கீழே வயல். நான் எங்கள் இரணைமடுக் குளத்தைச் சொன்னேன். மழைக்குக் குளம் நிரம்பினால் என்ன செய்யும் என்பதைக் காட்ட இரண்டு கையையும் வழியவிட்டு "வான் பாயும்" என்றேன். அவர் துள்ளி எழும்பிவிட்டார். அவர்களும் அதை வான் என்றுதான் சொல்கிறார்கள், குளத்துக்கு வெவ. "வெவ வான் தானவா, வான் தானவா" என்று என் தோளில் தட்டித் தட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் கதை முழுக்கக் குளமும் வயலும்தான். எத்தனை நாள் நெல், எந்த மாதம் விதைப்பு, யானை வந்தால் யார் வெடி கொளுத்துவது.

ஒருநாள் நெல்லுக் கதையிலேயே அதையும் சொன்னார். எல்லைக் கிராமம் என்றபடியால் சின்ன வயதில் இரவு வீட்டில் படுத்ததில்லையாம். பாயைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்களாம். போகாமல் வீட்டில் தங்கிய சித்தப்பாவை ஓரிரவு வெட்டிவிட்டுப் போனார்கள். யார் வெட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் அக்காவைச் சொன்னேன். ஷெல் யாருடையது என்று நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரை நான் "ஐயா" என்றுதான் கூப்பிட்டேன், அவர் அப்படிக் கூப்பிடச் சொன்னபடியால். ஒரு பின்னேரம் அப்பா அதைக் கேட்டுவிட்டார். என் அப்பா அதுவரைக்கும் எனக்குக் கைநீட்டியதில்லை. அன்றைக்கு அடித்தார். "அக்காவைத் திண்டவங்களடா! அவனுக்கு உனக்கு என்ன ஐயா?" என்று கேட்டார். அவர்கள் பாஷையில் ஐயா என்றால் அண்ணா என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அண்ணா என்று தெரிந்தால் இன்னும் இரண்டு அடி கூட விழும் என்று நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போதும் அப்பாவில் எனக்குக் கோபம் இல்லை. பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றித் தாட்ட மனுசன் அவர்.

முகாமுக்குள்ளும் கதை கட்டினார்கள். ஆமியோடு கதைக்கிற பொடியன் நாளைக்கு ஆமிக்கு ஆள்காட்டுகிற தலையாட்டியாகத்தான் நிற்பான் என்று தண்ணீர் வரிசையில் அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்கள். அப்போது வவுனியாவில் அந்தச் சொல் ஒருவனுடைய உயிரை எடுக்கக்கூடிய சொல். அவருக்கும் அவருடைய பக்கத்தில் இதே கதைதான். என்னோடு நிற்பதைக் கண்டு கூட வந்தவர்கள் "கொட்டியா", புலி, என்று என்னைக் காட்டிச் சிரித்தார்கள். அவர் அதற்குச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வாசலில் பாஸைத் திருப்பித் தரும்போது மட்டும் மெதுவாக "வெவ?" என்பார். நான் "வான்" என்பேன்.

1998இல் அவரை மாற்றினார்கள். கிளிநொச்சிக்கு. வவுனியாவிலிருந்து எண்பது கிலோமீற்றர்கூட இல்லாத ஊர். இடையில் சண்டை என்றபடியால், திருகோணமலைக்குப் போய்க் கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து தெற்கே வரவேண்டும். என் ஊருக்கு நான் போகமுடியாது, அவர் போகிறார். கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. அவர் நிலத்தில் குச்சியால் கோடு கீறி, வீடு எங்கே என்று கேட்டார். சந்தியைப் போட்டேன், ஒழுங்கையைப் போட்டேன், கிணற்றடி மாமரத்தைப் போட்டேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வாசலில் வேறொரு ஆமிக்காரர் நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றைத் தந்தார். முழுக்கச் சிங்களம். பஜாரில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குரலைக் குறைத்து வாசித்தார். "அம்ப கஹ தியெனவா." மாமரம் இருக்கு. காய் இருக்கு. கூரை இல்லை. கிணற்றுத் தண்ணீர் நல்லம், குடித்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் முதன்முதலில் பழகிய சிங்கள எழுத்துகள் அந்தத் தாளில் இருந்தவை.

செப்டெம்பர் கடைசியில் கிளிநொச்சியைப் புலிகள் இயக்கம் திருப்பிப் பிடித்தது. இரவு ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்ட சனம் சத்தம் போடாமல் சந்தோசப்பட்டது. அப்பா அன்றைக்குத்தான் அக்காவுக்குப் பிறகு முதல்தடவை சிரித்தார். எனக்கும் சந்தோசம்தான், எங்கள் ஊர் அல்லவா. பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக ஆமிக்காரர்களின் உடல்களைக் கையளிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாத அழுகை அது.

2002இல் பாதை திறந்து ஊருக்குப் போனோம். மாமரம் நின்றது. கூரை இல்லை. அம்மா கிணற்றில் அள்ளித் தந்த முதல் வாளியை நான் குடிக்கும்போது அப்பா பக்கத்தில் நின்றார். அப்போதுதான் அந்தக் கடிதத்தைச் சொன்னேன். ஐயா என்றால் என்ன என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாளியை வாங்கித் தானும் குடித்தார்.

2012இல் ஒருமுறை மதவாச்சியில் ஏறி, கெப்பித்திகொல்லாவ வழியாகப் பதவியாவுக்கு பஸ்ஸில் போனேன். 2006 ஜூனில் பஸ்ஸுக்கு வைத்த கண்ணிவெடியில் 60க்கும் மேற்பட்ட சனம் செத்த பக்கம் கெப்பித்திகொல்லாவ, குழந்தைகளும் அதற்குள். என் பக்கத்தில் இருந்த அம்மா நான் தமிழ் என்று தெரிந்த பிறகும் வெற்றிலை நீட்டினார். வழியில் பஸ் தரிப்பிடங்களை, செத்த ஆமிக்காரர்களின் பெயரில் வீட்டுக்காரர் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு படம். யன்னலோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டித்தான் வரும். பஸ் நல்ல வேகம். ஒரு பெயரின் இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் அடுத்த தரிப்பிடம் வந்துவிட்டது.