தஞ்சை அரண்மனை: கலைக்கூடம், சரசுவதி மகால் பார்த்தவர்கள் பகிர்வு

கீழவாசல்காரர்:

அரண்மனை என்றதும் ஒரே டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். கலைக்கூடம் தனி, சரசுவதி மகால் நூலகக் காட்சிக்கூடம் தனி, மராட்டா தர்பார் பக்கம் தனி. கேமராவுக்கும் அங்கங்கே கேட்பார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. கலைக்கூடம் காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 முதல் 3 வரை அடைத்துவிடும். நூலகக் காட்சிக்கூடம் 10 மணிக்குத்தான் திறக்கும், புதன்கிழமை விடுமுறை. பெரிய கோயிலை முதலில் முடித்துவிட்டு வருபவர்கள் பன்னிரண்டரைக்கு வந்து, அரை மணி நேரத்தில் வெளியே நிற்பார்கள். மாற்றிச் செய்யுங்கள்: 9 மணிக்குக் கலைக்கூடம், 11க்கு மேல் நூலகம், வெயில் தாழ்ந்ததும் கோயில். மதியம் கோயில் நடையும் சாத்தியிருக்கும்.

அரண்மனை வளாகத்தில் தரங்கம்பாடிப் பக்கம் கரையொதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே காட்டினால் சிலைகள் எடுபடாது!

மெழுகுக்கட்டு:

கலைக்கூடத்தில் நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு நாயக்கர் தர்பார் மண்டபத்துக்குப் போங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் அங்கேதான். காளை வாகனத்தோடு நிற்கும் சிவன், ரிஷபவாகனரை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபம் இல்லை, அதன் மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து நிற்கிறார்; சடை முழுவதும் தலைப்பாகை போலச் சுற்றி, ஊடே பாம்பு. ராஜராஜன் காலத்து அவ்வூர்க் கோயில் கல்வெட்டால் இவருக்கு 1011, உடனிருக்கும் தேவிக்கு 1012 என்று ஆண்டு தெரிகிறது. சோழர் செம்புகளில் இப்படித் துல்லியமாக ஆண்டு சொல்ல முடிகிறவை மிகச் சில. மற்றவற்றின் காலத்தைக் கணிக்க இந்த ஜோடியைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். அதே ஊர் அர்த்தநாரி (பாதி சிவன், பாதி அம்மை) சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, இங்கே தேடாதீர்கள்.

எதிரே நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டுக்கும், முடிந்தால் பின்பக்கத்துக்கும் போங்கள். உலா வரும்போது பட்டும் மாலையும் மூடிவிடும் முதுகைக்கூட மழமழவென்று இழைத்திருப்பார்கள். தலைக்குப் பின்னே சிரச்சக்கரம் என்ற வட்டத் தகடு, பீடத்தில் திருவுலாவுக்குத் தண்டு கோக்கும் துளைகள், இவற்றைத் தவறவிட வேண்டாம். சில மேனிகளில் மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும்: நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து தேய்த்ததன் விளைவு. நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்தவற்றில் அந்தத் தேய்மானம் குறைவு, பச்சைக் களிம்பு அதிகம்.

கண்ணாடிக்குள் இருப்பவற்றை நேர் எதிரே நின்று படமெடுத்தால் ஜன்னல்தான் படத்தில் விழும். சற்றுச் சாய்வாக நின்று, போனைக் கண்ணாடியோடு ஒட்டி, பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

கற்சிலைகளில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், தாராசுரத்து கஜசம்ஹாரர், அதாவது யானையைக் கொன்ற சிவன். யானைத் தோலை விரித்து ஆடுபவரை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓரத்தில் குழந்தையை அணைத்தபடி மிரண்டு ஒதுங்கும் அம்மையைப் பாருங்கள்.

ஏட்டுப்பூச்சி:

சரசுவதி மகாலில் பலருக்கு ஏமாற்றம் வருவது ஏன் என்றால், சுற்றுலாப் பயணி பார்ப்பது காட்சிக்கூடத்தை மட்டுமே. சுவடிக் கிடங்குக்குள் யாரையும் விடமாட்டார்கள், படமெடுக்கவும் அனுமதியில்லை. காட்சிக்கூடம் சின்னதுதான், ஆனால் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜியின் ரசனை தெரியும் இடம். மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியர் லெ புரூனின் படங்கள், சீனத் தண்டனைப் படங்கள், பழைய நிலப்படங்கள் எல்லாம் அங்கே.

தமிழ் ஏடுகள்தான் நிறைய இருக்கும் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். பெரும்பகுதி சமஸ்கிருதம். தமிழ், மராத்தி, தெலுங்கு அதற்கப்புறம். மராட்டிய அரசு ஆவணங்கள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்துமுறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மராத்தி தெரிந்தவர்களுக்கும் மோடி படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஏடுகளில் பனையோலையும் சீதாளமும் (இன்னொரு பனை வகையின் ஓலை) வேறு. பனை தடிப்பு, சீதாளம் அகலமாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். எழுத்தாணி கீறியதும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, மை தடவித் துடைத்தால்தான் கீறலுக்குள் கறுப்பு நிற்கும். பூச்சிக்கு இங்கே பழைய வைத்தியம் உண்டு: வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், பட்டை, மிளகு எல்லாம் இடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் சிறு முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைப்பார்கள். வாசம் போனால் முடிச்சை மாற்றவேண்டும்.

கீழவாசல்காரர்:

ஆய்வுக்காகச் சுவடி பார்க்க வேண்டுமானால் என்ன வழி? உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள்.

ஏட்டுப்பூச்சி:

நூல் பெயரை மட்டும் சொன்னால் வேலை நடக்காது. ஒரே நூலுக்குப் பல பிரதிகள் இருக்கும், பெயரும் மாறும். முதலில் அச்சான விளக்க அட்டவணையில் (சுவடிகளின் விவரப் பட்டியல்) எண்ணைக் கண்டுபிடியுங்கள். சமஸ்கிருதமானால் பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் 1880இல் வெளியிட்ட பட்டியலின் எண் வேறு, பிற்கால அட்டவணையின் எண் வேறு. பழைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து எண்ணை எடுக்கும்போது எது என்று கவனியுங்கள். இரண்டையும் குழப்பினால் சம்பந்தமில்லாத கட்டு வரும். துறைத்தலைவர் கடிதமும் அடையாள அட்டையும் கையோடு இருக்கட்டும்.

அதற்கு முன், தேடுவது ஏற்கனவே அச்சில் வந்துவிட்டதா என்று நூலக வெளியீட்டு விற்பனைப் பிரிவில் கேளுங்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற மருத்துவ நூல் வரிசை போல நிறையச் சுவடிகளை நூலகமே பதிப்பித்திருக்கிறது. மலிவாகவே கிடைக்கும்.