10க்கு 17 ஹால்: எல் சோபா சரிப்படுமா?

வேளச்சேரி_ரெண்டாம்மாடி:
ஹால் 10 அடிக்கு 17. கிழக்குல வாசல். மேற்குச் சுவர்ல வடக்கு ஓரமா 6 அடி பால்கனிக் கதவு, மிச்சம் 4 அடி சுவர். வடக்குல கிச்சன் வழிக்கும் பெட்ரூம் கதவுக்கும் நடுவுல 5 அடி. தெற்குச் சுவர் முழுக்கக் காலி. டிவி 55 இன்ச். எல் சோபா வாங்கலாமா? நவராத்திரிக்கு 5 படி கொலுவும் இங்கதான் வைக்கணும்.

அடிஸ்கேல்:
டிவி அந்த 5 அடிச் சுவர்லதான்; அகலம் 4 அடி சொச்சம், அடங்கிடும். பால்கனிப் பக்கம் மாட்டினா சாயங்கால வெயில் கண்ணுல குத்தும். வாசல் பக்கம்னா அதே வெயில் திரையில பளபளக்கும். சோபா எதிர்ல, தெற்குச் சுவர்ல. ஏழரை அடி தூரம் கிடைக்கும், 55க்குப் போதும்.

எல் வேணாம். சோபா ஆழம் 3 அடி, டிவி யூனிட் 15 இன்ச் போனா மிச்சம் 5 அடி 9 இன்ச். நடக்க 3 அடி விட்டே ஆகணும். டீப்பாய் 18 இன்ச், அதுக்கும் சோபாவுக்கும் நடுவுல 15 இன்ச்: அதோட தீர்ந்துச்சு. எல்லோட நீளக் கை 5 அடி வரும், மேற்கு ஓரமா போட்டா 4 அடிச் சுவரைத் தாண்டி பால்கனிக் கதவுல ஒரு அடியை மறைச்சுடும்.

ஆறரை அடி மூணு சீட்டர் போடுங்க. தென்மேற்கு மூலையில லேசான ரெண்டு மர நாற்காலி. நவராத்திரிக்கு நாற்காலியை உள்ள தள்ளிட்டா கொலு அங்கயே கிழக்கு பார்த்து நிக்கும். படிக்கு 10 இன்ச்னா மொத்தம் 50 இன்ச் ஆழம். வாங்குறதுக்கு முன்னாடி பழைய பேப்பரை சோபா அளவுக்குத் தரையில விரிச்சு ரெண்டு நாள் நடந்து பாருங்க. லிஃப்ட் கதவையும் அளந்துக்குங்க, அதை யாரும் யோசிக்கிறதில்ல.

மரத்தூள்:
ரெக்சின் பக்கமே போகாதீங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல மேல்பூச்சு செதில் செதிலா உரியும். கழட்டித் துவைக்கிற துணி உறைதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில சுவர் ஓதம் ஏறும், சோபா முதுகை 2 இன்ச் தள்ளியே வைங்க. டிவி யூனிட் பார்ட்டிகிள் போர்டுன்னா (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை) மாப் போடுற தண்ணியிலயே அடி உப்பிடும். 4 இன்ச் கால் வைச்சு ஐஎஸ் 710 தர, தண்ணி தாங்குற மரைன் ப்ளைவுட்ல செய்யச் சொல்லுங்க.

வேளச்சேரி_ரெண்டாம்மாடி:
நன்றி சார். டிவி எவ்வளவு உயரத்துல?

டிரில்பிட்:
திரையோட நடு தரையிலிருந்து 42 இன்ச். துளை போடும்போது தூளைப் பாருங்க. சிவப்புன்னா செங்கல், சாதா பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் குழல்) போதும். வெளுத்த மாவு மாதிரி சுலபமா கொட்டினா ஏஏசி பிளாக், அதாவது உள்ள காற்றுக்குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல். அதுக்குன்னே வர்ற நீள நைலான் பிளக் இல்லேன்னா ஸ்க்ரூ சுத்திட்டே இருக்கும், பிடிக்காது. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேல துளை வேண்டவே வேண்டாம், வயர் பைப் அங்கதான் ஏறும்.