மறுமொழி: பாட்டுக்கார மாமாவின் கேசட்டுகள் (யாரும் போட்டுக் கேட்க வேண்டாம்)

அன்புள்ள உறவுகளுக்கு,

தங்கச்சி நீலகிரியில் பந்தலூர் போய் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இலங்கையிலிருந்து நம்ம சனம் வந்த கதையைத் தப்படித்துப் பாடிய மாமாவின் கேசட்டுகள் அடுப்படிப் பரணில் கிடக்கின்றன. நாடா முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். தேவாலா மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசையில் யாரும் டேப்ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணத்தோடு ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் காயவேண்டும். அப்புறம் பழகிய கை துடைத்து, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகக் கணினியில் பதியவேண்டும். நல்ல தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 2 ஜிபி வரை ஆகும். எம்பி3 மட்டும் போதும் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இந்த வேலைக்குத்தான் ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்டிருக்கிறோம். கோயில் கூரைக்கு வசூலித்த பணத்தின் கணக்கே இன்னும் வரவில்லை என்கிறார் டொரண்டோ சித்தப்பா. நியாயம்தான், அதை வசூலித்தவர்கள் பதில் சொல்லட்டும். இந்தப் பணம் சங்கத்துக்கு வரவே வேண்டாம் சித்தப்பா, நேராகப் பதிவுக்கூடத்துக்குப் போகட்டும். ரசீதை இங்கே போடுகிறேன்.

துபாய் மச்சான், தப்படித்துப் பாடியவரை ஊர் அடையாளமாகக் காட்டுவதா என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வலித்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம்ம சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் உங்கள் அம்மாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, டேன்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க இந்த மலைக்கு வந்ததை நம்ம லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) பாட்டாகக் கட்டியவர் மாமா ஒருவர்தான். கப்பல் பாட்டில் கைக்குழந்தையோடு நிற்பதே உங்கள் அம்மாதான், பெயர் சொல்லியே பாடுவார். காமன் கூத்து முடிந்து விடியும் நேரத்தில் அந்த இடம் வந்தால் தோட்டத்து ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களம் முழுக்க அழும். உங்கள் அம்மா எழுந்துபோய் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார். அம்மாவுக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுக்குத்தான். மாமாவின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் எழுதிக் கொடுக்காமல் ஒரு பாட்டும் யூடியூபில் ஏறக்கூடாது. மாமாவின் மெட்டைத் தன் மெட்டு என்று கல்யாண மேடையில் பாடியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். அவர் மாமாவின் மகளிடம் ஒரு வார்த்தை பேசட்டும்.

எங்கள் அம்மா வைத்திருந்த பிரதி 60 நிமிட கேசட். பக்கம் முடிந்து, கப்பல் பாட்டு பாதியில் நின்றுவிடும். கொளப்பள்ளி, சேரம்பாடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வேறு பிரதி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஓட்டாமல், உறையில் எழுதியிருப்பதை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்.