குறைந்த செலவில் பவளத் தொட்டி: சேலத்து வெயிலும் போர் தண்ணீரும் இடம் கொடுக்குமா?

கேள்வி: அஸ்தம்பட்டிவாசி

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக நன்னீர் மீன்களும் நீர்ச்செடிகளும் வளர்த்து வருகிறேன். இப்போது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்து, ஒரு ஜோடி கோமாளி மீன்களையும் சில பவளங்களையும் வளர்க்க விரும்புகிறேன். மொத்தத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. கண்ணாடித் தொட்டியை இங்கேயே ஒட்டி வாங்கிக்கொள்ளலாம், ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்ற அளவுக்குத் தெளிவு உண்டு. ஆனால், சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சேலத்தில் பவளம் நிலைக்காது என்று கடையில் சொல்கிறார்கள். அதை வாங்கினால் என் பணத்தின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்குப் போர் தண்ணீரும் மேட்டூர்க் குடிநீரும் வருகின்றன. போர் தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது என்பதால், பவளத்துக்குத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அதிலிருந்தே கிடைத்துவிடும் அல்லவா? எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: நீலத்திரை

வணக்கம் நண்பரே. தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன், நம் ஊரில் பணத்தை முதலில் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

போர் தண்ணீரின் கடினத்தன்மை பவளத்துக்கு உதவாது. கடல் உப்புக் கலவையிலேயே லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை கால்சியமும், 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் கிடைக்கும்படி சேர்த்திருப்பார்கள். அதன்மேல், அளவு தெரியாத தாதுக்களோடு போர் தண்ணீரை ஊற்றினால் அந்த விகிதம் குலைந்துவிடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவையும் கூடவே வந்து சேரக்கூடும். சிலிக்கேட் மிகுந்த தொட்டியைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்: பாறையின் மேல் பழுப்பு நிறப் படலம் படியும், விரலால் தேய்த்தால் கலங்கி எழுந்து நீரோடு போகும், விளக்கு அணைவதற்குள் மறுபடியும் படிந்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவியாவது வெறும் நீர்தான். தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே குறைந்த நீரை ஈடுகட்ட நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடமும் அந்தச் சுமையைக் கூட்டிக்கொண்டே போகும்.

எனவே ஆர்.ஓ. கருவியும், அதன் வெளியேறும் வழியில், எஞ்சிய தாதுக்களை உறிஞ்சும் டி.ஐ. பிசின் குழாயும் கட்டாயம் தேவை, நீரில் கரைந்துள்ள தாதுக்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். ஆர்.ஓ. கருவிக்குள் போர் தண்ணீரை விடாமல் மேட்டூர்த் தண்ணீரை விடுங்கள். ஆர்.ஓ. கருவியின் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) ஏறத்தாழ 95 விழுக்காட்டுத் தாதுக்களைத் தடுக்கிறது என்று கொண்டால், 1,200 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரிலிருந்து 60 மிஞ்சும். 300 உள்ள தண்ணீரிலிருந்து 15 மிஞ்சும். மிஞ்சுவதை உறிஞ்சும் பிசின் அந்தக் கணக்குப்படி நான்கு மடங்கு நீரைத் தாங்கும் என்பதால், மாதாமாதம் ஆகும் செலவு இங்கேயே குறைகிறது. குடிநீரில் குளோரின் இருக்குமாதலால், மெம்பிரேனுக்கு முன்னால் கரி வடிகட்டி இருக்க வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை, பாறை போக உங்கள் தொட்டியில் ஏறத்தாழ 100 லிட்டர் நீர் நிற்கும். முதல் முறைக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கலவை செலவாகும். பின்னர் வாரத்துக்கு 10 லிட்டர் மாற்றினால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ போதும். சமையல் உப்பைக் கொண்டு இதை ஈடுசெய்ய முடியாது. அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 வரை நிற்க வேண்டும். அதை அளக்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதவை ஹைட்ரோமீட்டர் மலிவானதுதான், ஆனால் அதில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

சில்லர் வேண்டாம் என்பதே என் கருத்து. சேலத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், ஏப்ரல் மாதக் காற்று உலர்ந்திருப்பது நமக்குச் சாதகம். நீர்மட்டத்தின் மேல் இரண்டு சிறிய விசிறிகள் வீசினால் மூன்று, நான்கு டிகிரி வரை வெப்பம் இறங்கும். ஒரு நாளில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவது, ஏறத்தாழ 28 வாட் வெப்பத்தை நாள் முழுவதும் ஓயாமல் வெளியேற்றுவதற்குச் சமம். ஆனால் மொட்டை மாடிக்கு நேர்க் கீழே உள்ள அறையில் தொட்டியை வைத்தால் இந்தக் கணக்கு பலிக்காது. கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம் வையுங்கள். நீர் 28 டிகிரிக்குள் நின்றால் மென்பவளங்கள் (கல்லான எலும்புக்கூடு கட்டாதவை) தாங்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போயின. எல்லை மீறினால் தொட்டியிலும் அதுவேதான் நடக்கும்.

விசிறி ஓடும் தொட்டியில் நீர் வேகமாகக் குறையும். 100 லிட்டரில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குறைந்தால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 35.7 ஆகும்; மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 37-ஐத் தாண்டிவிடும். அன்றாடம் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

பதில்: மண்டபம்கரை

மேலே சொல்லப்பட்டவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். உயிரினங்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. குறிப்பாக, தொடங்குபவர்கள் பலர் அறியாத ஒரு செய்தி. பாறை கட்டும் கற்பவளங்கள், கறும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல்விசிறி ஆகிய அனைத்தும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய பாதுகாப்பே இவற்றுக்கும் உண்டு. கடலிலிருந்து எடுத்து ‘லைவ் ராக்’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதான்; ஆகவே அதையும் தவிர்த்துவிடுங்கள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் திட்டுகளிலிருந்து நம் வீட்டு வரவேற்பறைக்கு ஒரு கல்கூட வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதற்கு மாற்றாக, நுண்துளைகள் உள்ள பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன, விலையும் குறைவு. சிமெண்டில் வார்த்த பாறையாக இருந்தால், நீரின் காரத்தன்மை இறங்கும்வரை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணலைத் தவிர்த்து, வெறும் கண்ணாடித் தரையாகவே விட்டுவிட்டால் செலவும் குறையும், கழிவையும் எளிதாக உறிஞ்சி எடுக்கலாம். உலர்ந்த பாறையில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் 0 என்று வரும்வரை ஒரு மீனையும் விடாதீர்கள்.

பிறகு, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடியை வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இவ்வினத்தைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. வலையில் பிடித்த மீனைவிடப் பண்ணை மீன் தீவனத்தை எளிதில் ஏற்கும்; அதற்குக் கடல்சாமந்தியும் (கோமாளி மீன்கள் கடலில் அடைக்கலம் புகும் உயிரி) தேவையில்லை. நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால், இரண்டடித் தொட்டியில் அதை விடுவது கொடுமை.

பவளத்தில், கற்பவள வரிசையில் அடங்காத மஷ்ரூம், ஜோவாந்தஸ், தோல்பவளம் ஆகியவற்றோடு நின்றுவிடுங்கள். இவற்றுக்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை. நீல ஒளி மிகுந்த ஒரு நடுத்தர எல்.இ.டி. போதும். தொட்டியில் வளர்த்துத் துண்டித்தவற்றை, மூலம் குறிப்பிட்ட ரசீதோடு வாங்குவது நல்லது. ஜோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடவோ, அவை ஒட்டியிருக்கும் பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவோ கூடாது.

சென்னைக் கொளத்தூர்ச் சந்தைக்குப் போனால் (மேட்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் கொளத்தூர் அன்று), பயன்படுத்திய ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) விளக்கும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். பழைய கருவி வாங்குவதில் குறையில்லை.

பதில்: சேர்வராயன்

ஏற்காட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். எங்களுக்கு நிலைமை நேர்மாறு; டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் முடியாது, மூடுபனி இறங்கும் நாள்களில் காற்றின் ஈரத்தால் விசிறி பயன்படுவதும் இல்லை. சேலத்திலும் அக்டோபர், நவம்பர் மழை நாள்களில் விசிறியின் பலன் குறையும். அப்போது வெயிலும் குறைந்திருப்பதால் கவலை வேண்டாம். விசிறியை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்துவிடுங்கள். நள்ளிரவில் தேவைக்கு மேல் குளிர்வதை அது தடுக்கும்.

அஸ்தம்பட்டிவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது, அங்கேயே வைக்கிறேன். இரண்டு ஐயங்கள்: வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. கருவியையே பயன்படுத்தலாமா? மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் எவற்றை இணைப்பது?

பதில்: நீலத்திரை

குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கும் குழாய் இருக்கும். அதற்கு முன்னால் ‘T’ வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு நீரை எடுத்து, டி.ஐ. குழாய்க்குள் விட்டால் அதே கருவி போதும். தனிக் கருவிக்கான செலவு மிச்சம்.

மின்வெட்டில் மீன்களைக் கொல்வது வெப்பத்தைவிட முதலில் ஆக்சிஜன் குறைவுதான். சூடான நீரில் அது இன்னும் விரைவாகக் குறையும். ஆகவே இன்வெர்ட்டரில் 5 முதல் 10 வாட் வரை இழுக்கும் வேவ்மேக்கரை (நீரை அலையாக ஓட்டும் சிறு பம்ப்) மட்டும் இணைத்து, அதன் முகத்தை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வையுங்கள். விளக்கு சில மணி நேரம் இல்லாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. விசிறி இறக்கைகளிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளை உப்புப் பொருக்கு கட்டும்; அது வயர் வழியாகவும் நகரும். எனவே ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறும்படி அமையுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் பொருக்கைத் துடையுங்கள். தொட்டிக்கான சர்க்யூட்டில் மின்கசிவுத் தடுப்பான் இல்லையென்றால், தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்திவிடுங்கள்.