பெருமாள்புரம் தெருத் தொட்டி மோட்டார் குழு

*செயலாளர் அண்ணாச்சி:* மோட்டார் 5 மணிக்கு ஓடல, 5.40க்குத்தான் ஓடிச்சு. டப்பாக்குள்ள மோட்டார ஓட்டுத குட்டிக் கம்ப்யூட்டர் ராஸ்பெர்ரி பை 40 நிமிஷம் பின்னால காட்டுது. நேத்துத்தான் திருத்தி வச்சது. பழைய குருடி கதவத் திறடிங்கு.

*மாடி வீட்டுத் தம்பி:* ராத்திரி கரண்ட் போச்சா அண்ணாச்சி?

*செயலாளர் அண்ணாச்சி:* 2.20க்குப் போச்சு. 2.57க்கு வந்துட்டு.

*மாடி வீட்டுத் தம்பி:* அப்பம் கடிகாரம் மெதுவா ஓடல, நின்னு போயி எந்திரிச்சிருக்கு. பை 4 வரைக்கும் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. ஃபேக் கிளாக்னு ஒரு புரோகிராம் மணிக்கு ஒருதடவ நேரத்த மெமரி கார்டுல எழுதி வச்சிக்கிடும். கரண்ட் வந்ததும் அந்த நேரத்துல இருந்துதான் எண்ணும். 2.17க்கு எழுதினது, 2.57க்கு எந்திரிச்சிருக்கு. 40 சரியா வருதுல்லா. நெட் இருந்தா தானே திருத்திக்கிடும், மொட்டமாடிக்கு வைஃபை எட்டல.

*கடைசி வீட்டு அக்கா:* கரண்ட் போனாலும் ஓடுத கடிகாரச் சிப்பு, டிஎஸ்3231 மாட்யூல் ஒண்ணு, அதுக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒண்ணு போதும். மலிவுன்னு டிஎஸ்1307 வாங்கிராதிய. நேரத்த எண்ணுத அதோட கிரிஸ்டலுக்கு 25 டிகிரிதான் தோது. வெயில்ல டப்பா 60 டிகிரி ஆனா நாளைக்கு 3, 4 செகண்டு பிந்தும். 3231 சூட்டை அளந்து தானே திருத்தும், மாசத்துக்கு 9 செகண்டு தப்புனா பெரிசு. பேருக்குப் பின்னால எம் இருந்தா 13 வரைக்கும் போகும்.

*செயலாளர் அண்ணாச்சி:* வயர் எங்கன மாட்டணும்?

*கடைசி வீட்டு அக்கா:* மாட்யூல்ல போட்டிருக்க பேரப் பாத்துப் பையோட பின்னுல மாட்டணும்: விசிசி (கரண்ட்) 1ஆம் பின், எஸ்டிஏ (தகவல்) 3, எஸ்சிஎல் (தாளம்) 5, ஜிஎன்டி (எர்த்) 9. 5 வோல்ட் குடுக்கப்படாது. பையோட பின்னு 3.3 வோல்ட்தான் தாங்கும். பெரிய நீலப் போர்டுன்னா இன்னொரு வம்பு: அதுல சார்ஜ் ஏத்துத சர்க்யூட் உண்டு, 5 வோல்ட்ல சிஆர்2032 உப்பிரும். டயோடுக்குப் பக்கத்துல 201ன்னு போட்ட ரெசிஸ்டரக் கழட்டிட்டா நிம்மதி.

*மாடி வீட்டுத் தம்பி:* மீதிய நான் பாக்கேன். செட்டிங்ல ஐ2சி, அதான் சிப்பும் பையும் பேசுத வழி, ஆன் பண்ணணும், கான்ஃபிக் கோப்புல 3231 இருக்குன்னு பைக்குச் சொல்லுத ஓவர்லே வரி சேக்கணும், ஃபேக் கிளாக்க அழிக்கணும். ஐ2சி ஸ்கேன்ல சிப்போட முகவரி 68 தெரிஞ்சா வயர் சரி, சிப்ப ஓட்டுத டிரைவர் ஏறினதும் அதே இடத்துல யுயுன்னு எழுத்து வரும். எல்லாரும் கோட்ட விடுதது சிப்போட நேரத்தப் பைக்கு ஏத்துத ஹார்டுவேர் கிளாக் செட் ஸ்கிரிப்டுலதான். சிஸ்டம்டி (பைய எழுப்பி ஓட்டுத புரோகிராம்) இருந்தா வெளிய போன்னு மூணு வரி இருக்கும், அத முடக்க ஒவ்வொரு வரிக்கும் முன்னால # போடலன்னா சிப் சரியா ஓடும், பை பழைய நேரத்துலயே நிக்கும்.

*கடைசி வீட்டு அக்கா:* போன் ஹாட்ஸ்பாட்ல நேரம் சரியானப்புறம் சிப்புல எழுது தம்பி. முந்தி எழுதினா தப்பு நேரந்தான் பதியும்.

*செயலாளர் அண்ணாச்சி:* சிப்பு அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டுனா?

*மாடி வீட்டுத் தம்பி:* அது யுடிசி, உலகப் பொது நேரம் அண்ணாச்சி, சிப்புல அப்படித்தான் இருக்கணும். தொட்டுராதிய. ஹாட்ஸ்பாட்ட அணைச்சிட்டு 10 நிமிஷம் பிளக்கப் பிடுங்கிப் போட்டுப் பாப்போம்.

*செயலாளர் அண்ணாச்சி:* பை 5 வாங்கிட்டா இந்தச் சள்ளை இல்லியோ?

*கடைசி வீட்டு அக்கா:* அதுல கடிகாரம் உள்ளயே இருக்கு. பேட்டரி தனியா வாங்கிச் சொருவணும். ஒரு மோட்டாருக்கு அது எதுக்கு?

*செயலாளர் அண்ணாச்சி:* சரி, ஜங்ஷன் போறேன். 201 மறக்காம இருக்க போட்டோ ஒண்ணு போடு தாயி.