எண்ணெயை நிறுத்தச் சொன்னார்கள்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்த அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு அம்மா:

கைக்குழந்தையாக இருந்தபோது என் மகளுக்கு அப்படி ஒரு பசி. பால் குடித்த கையோடு மறுபடி அழுவாள். ஆனால் எடை ஏறவே இல்லை. மலம் எண்ணெய் மிதக்க, வீடே நாறும். இருமல் விடாததால் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று டிபி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். என் அத்தை மட்டும் கொஞ்சும்போதெல்லாம், "பிள்ளை கன்னம் உப்புக் கரிக்குதே" என்பார். வியர்வைச் சோதனையில் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் போனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று அர்த்தம். உடம்பின் சுரப்புகள் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கிற, வியர்வையில் உப்பு அதிகம் போகிற பரம்பரை நோய் இது. இவளுக்கு 100-ஐத் தாண்டியிருந்தது.

கணையக் குழாய்களைக் கெட்டியான சுரப்பு அடைத்துக்கொள்வதால் கொழுப்பைச் செரிக்கும் என்ஸைம் குடலுக்கு வருவதில்லை. இந்த நோய் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதே கதைதான். ஆனால் முதலில் பார்த்த இடத்தில், மலத்தில் எண்ணெய் போகிறது என்றதும் நெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளை இன்னும் இளைத்தாள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கனடாவின் டொராண்டோவில் 1970களிலேயே கொழுப்பைக் குறைக்காமல் என்ஸைமைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் கொழுப்பு குறைந்த சாப்பாடு. 1988-இல் இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். டொராண்டோக்காரர்கள் உயரமாகவும் இருந்தார்கள், பாதிப் பேர் 30 வயதைத் தாண்டினார்கள். பாஸ்டனில் அது 21. இவ்வளவு காலம் கழித்தும் நம் ஊரில் நெய்யை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால் என்ன சொல்வது!

இப்போது பருப்பு சாதத்தில் நெய்யைத் தாராளமாக ஊற்றுகிறேன். சின்னதில் என்ஸைம் கேப்சூலைத் திறந்து, உள்ளே இருக்கும் மணிகளை ஆறிய ஆப்பிள் மசியலில் ஒரு கரண்டி கலந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பேன். சூடான சாதத்திலோ பாலிலோ போடக் கூடாது, மென்று விடவும் கூடாது. பிறகு வாய்க்குள் பார்த்துவிடுங்கள். மணி ஈறில் ஒட்டியிருந்தால் புண்ணாகும். அளவைப் பிள்ளையின் எடையை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 10,000 லைபேஸ் யூனிட்டை (லைபேஸ்தான் கொழுப்பைச் செரிக்கும் என்ஸைம்) தாண்டினால் பெருங்குடலுக்கு ஆபத்து. நாமாகக் கூட்டவே கூடாது.

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா:

அக்கா, உப்பைப் பற்றி நானும் சொல்கிறேன். சித்திரை வெயிலில் என் பையன் திடீரென்று துவண்டு போனான். வாந்தி வேறு. ஏதோ வயிற்றுக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரத்தத்தில் பார்த்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் சரிந்திருந்தன. வியர்வையிலேயே அவ்வளவு உப்பு போகிறது. உடனே அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெயில் காலத்தில் பிள்ளை சோர்ந்தாலோ, வாந்தி எடுத்தாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இப்போது டாக்டர் சொன்ன அளவில் மோரிலும் கஞ்சியிலும் கூடுதலாக உப்புப் போடுகிறோம். ஊரே உப்பைக் குறை என்கிறபோது ஒரு குழந்தைக்கு அள்ளிப் போட ஆரம்பத்தில் கை வரவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு அம்மா:

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2008-இலிருந்து பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் குதிக்காலில் ரத்தம் எடுத்து இந்த நோயைப் பார்க்கிறார்கள். அதனால் என் மகனுக்கு ஒரு மாதம் ஆகும் முன்பே என்ஸைம் தொடங்கியாயிற்று. திருச்சி அக்கா எழுதியதை வாசிக்க மனம் கனத்துப் போனது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நிறையும் உயரமும் எடுத்து வரைபடத்தில் குறிப்பார்கள். அவன் வயதுப் பிள்ளைகளின் நடுக்கோட்டுக்குக் கீழே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற நிறையின் அளவு) இறங்கினால் டயட்டீஷியன் உடனே எங்களைக் கூப்பிட்டுக் கதைப்பார், ஏனென்றால் நிறை குறைந்தால் நுரையீரலும் பலவீனப்படும். ஏ, டி, இ, கே விட்டமின்களும் தினமும் உண்டு. கொழுப்பு சேராவிட்டால் அவையும் உடம்பில் சேராது. இந்த நோய்க்கான ட்ரிகாஃப்டா மாத்திரை தொடங்கிய பிறகு மகனுக்கு நிறை நன்றாக ஏறுகிறது. இனி எண்ணெயை எவ்வளவு வைப்பது என்று அடுத்த முறை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.