குல்மார்க்கில் ஃப்ரீரைட் ஸ்கீ ஓட்டிப் பார்க்க யோசனை வேண்டும்

மதுரை மலையேற்ற நண்பர்களே, வணக்கம். யானைமலைக்காரனுக்குப் பனி எதற்கு என்று சிரிக்காதீர்கள். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போகிறேன். கோண்டோலா என்ற கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். அங்கிருந்து அஃபர்வாட் மலைச் சரிவில் வேகமாக இறங்க ஆசை.

வாங்குமுன் இரண்டு வகை ஃப்ரீரைட் ஸ்கீயை, அதாவது சீர்செய்த தடத்துக்கு வெளியே இயற்கைப் பனியில் சறுக்கும் பலகையை, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, நடுப்பகுதி 105 மி.மீ. அகலம், உள்ளே டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்த விறைப்பான ஸ்கீ. வேகத்தில் உதறாது, ஆனால் மரங்களுக்கு நடுவே திருப்பினால் தொடை கழன்றுவிடும். இன்னொன்று 115 மி.மீ., எடை குறைவு. புதுப்பனியில் மிதக்கும், இறுகிய பனியில் முனை படபடக்கும் என்று சந்தேகம்.

எனக்கு 78 கிலோ. 184 செ.மீ. நீளம் சரியா? ஒரே நாளில் இரண்டையும் மாற்றி ஓட்ட வாடகைக் கடை உண்டா? பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை என் பூட்ஸுக்கு ஏற்ப அமைத்துத் தருவார்களா? அப்புறம், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவியான பீக்கன் அங்கேயே கிடைக்குமா?